மார்கழிக் குடிபுகல்

நாவற்புலம் இராணுவத்தின் முட்கம்பி வேலிக்குள் அகப்பட்டுக் கிடந்த காலத்தின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளிலும், அவ்வூரார் அச்சமின்றிப் போய்வரக்கூடிய நாவற்புலம் ஒன்றுதான் இருந்தது. அது மயூரதன் கட்டிய இணையத்தளம்.

கட்டியபோது அவனுக்கு வயது இருபத்துநான்கு. சண்டிலிப்பாய்ப் பக்கத்து நலன்புரி முகாமொன்றில், தறப்பாள் கூரையின்கீழ், யாரோ கழித்துவிட்ட கணினியில், தடித்த ஆங்கிலப் புத்தகமொன்றை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து அதைக் கட்டினான். இடம்பெயர்ந்த குடும்பம் ஒவ்வொன்றும் தன் காணியை அதில் பதிந்தது. காணி உறுதிப் பத்திரங்களில் எழுதும் அதே ஒழுங்குதான்: காணியின் பெயர், பரப்பு, வடக்கே இன்னார், கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னார், மேற்கே இன்னார், கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரித்து. ஒருவர் காணியின் கிழக்கெல்லை அடுத்தவர் காணியின் மேற்கெல்லை ஆகையால், ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வரும் அந்தாதியைப்போலப் பதிவுகள் ஒன்றன் கையை ஒன்று பற்றிக்கொண்டு நானூற்றுப் பன்னிரண்டு வரை நீண்டன.

காலம் பொல்லாதது, யாருக்கு எவ்வளவு உண்டென்று பிறர் அறியக் கூடாது என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். ஆகவே தளத்தைத் திறந்தால் பெயர்கள் மாத்திரம் தெரியும். விவரம் காண்பதற்கு அந்தக் குடும்பம் தானே தேர்ந்துவைத்த இரகசியச் சொல்லை எழுத வேண்டும். சொல் பிழைத்தால் ஒரு வாசகம் தோன்றும்: ‘அப்படியொரு பதிவு இல்லை. சொல்லைச் சரிபார்த்து மீண்டும் எழுதவும்.’ அதையும் மயூரதனே எழுதினான். எழுதிவிட்டு, வாசகம் செப்பமாக அமைந்ததென்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டான்.

இருபது ஆண்டுகள் போயின. காணிகள் விடுபட்டன. மயூரதனின் முன்தலையில் முடி உதிர்ந்தது. தெல்லிப்பழையில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணினி கற்பித்துக்கொண்டிருந்த அவனைத் தேடி, சென்ற கார்த்திகை பிறந்த மறுநாள், ஊர்ச் சங்கத் தலைவர் சண்முகநாதன் வந்தார். காணிப் பதிவகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். எண்பது கடந்தும் வேட்டியின் மடிப்புக் குலையாதவர். ஊர் முழுவதும் அவரை ஐயா என்றே அழைக்கும். அவர் கையில் ஒரு கடிதத்தின் அச்சுப்பிரதி இருந்தது.

தளத்துக்கு இடம் கொடுத்திருந்த வெளிநாட்டு நிறுவனம் எழுதியிருந்தது. தளம் குடியிருக்கும் பழைய இயந்திரத்தை டிசம்பர் முப்பத்தோராம் திகதி நிறுத்தப்போகிறார்களாம். புதிய இயந்திரங்களில் இந்தப் பழைய தொழில்நுட்பம் இயங்காது. வேண்டுவோர் அதற்குள் வேறிடம் கொண்டுபோகலாம், எஞ்சுவதெல்லாம் அழிக்கப்படும்.

“வேறை இடம் பார் தம்பி. நீ பெத்த பிள்ளை அது,” என்றார் ஐயா.

“முதல்லை உள்ளுக்கை இருக்கிறதைப் பிரதி எடுத்து வைப்பம் ஐயா. கடவுச்சொல்லை ஒருக்கால் தந்தீங்களெண்டால்…”

“இடம் முடிவாகட்டும். திறப்பைத் தாறன்.”

அந்தத் திறப்பு, கடவுச்சொல்லாகிய அந்தச் சாவி, ஒருகாலத்தில் மயூரதனிடந்தான் இருந்தது. சங்கம் முறையாகப் பதிவுபெற்ற ஆண்டில், நிறுவனத்துக் கணக்கைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து ஐயாவின் கையில் அவனே கொடுத்தான். பொதுச்சொத்து ஒருவன் பெயரில் இருப்பது அழகன்று என்று அன்று அவனுக்குத் தோன்றியது. அதற்கு முந்திய ஆண்டு எடுத்த பிரதியொன்று அவனிடம் சீ.டி. இறுவட்டில் கிடந்தது. அதில் இருநூற்றெழுபத்தைந்து பதிவுகள். பின்வந்த நூற்றுமுப்பத்தேழும் அந்தப் பழைய இயந்திரத்தில் மட்டுமே இருந்தன.

செய்தி பரவியதும் குணலட்சுமி வந்தாள். நாவற்புலத்துக்கு மீண்டு சென்று இரண்டறை வீட்டில் தனியே இருப்பவள். வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டாள்.

“தம்பி மயூ, இவர் எழுதினது உதுக்குள்ளை பத்திரமாய் இருக்கும்தானே?”

அவள் கணவனும் அவன் தமையனும் தாய்வீட்டுக் காணியை வாய்ப்பேச்சாகவே பங்கிட்டுக்கொண்டவர்கள். கிணறு தமையன் பக்கம் விழுந்தது; அதில் பாதிப் பங்கும், போய்வர ஒரு நடைபாதையும் தம்பிக்கு. இதை எந்த நொத்தாரிசும் உறுதி முடித்து எழுதவில்லை. இறுவட்டுப் பிரதி எடுத்ததற்குப் பின்பு, இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, சகோதரர் இருவரும் சங்க அறையில் கூடியிருந்து அந்தத் தளத்தில் எழுதினார்கள். தமையன் கீழே தன் பெயரையும் இட்டார். இருவரும் இன்று இல்லை. தமையன் மகன் பிரவீணன் இவ்வாண்டு வெளிநாட்டிலிருந்து வந்து, கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பி, படலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனான். பங்கா, யார் சொன்னது, எழுத்து உண்டா என்று கேட்டான். பிணக்குத் தீர்க்கும் இணக்கசபையில் தை மாதம் கடைசிச் சனிக்கிழமை விசாரணை. திகதியோடும் தமையனின் பெயரோடும் இருந்த எழுத்து, உலகத்தில் அந்த ஒன்றுதான்.

“இரகசியச் சொல் தெரிஞ்சால் இப்பவே எடுக்கலாம் அக்கா.”

“அதைத்தானே அந்த மனுசன் சொல்லாமல் போட்டுது! காணியின்ரை பேர் அடிச்சுப் பாத்தன். பிள்ளையாரின்ரை பேர் அடிச்சன். பிள்ளையளின்ரை பேர், தாயின்ரை பேர், கடைசியிலை மாட்டின்ரை பேரும் அடிச்சிட்டன்.”

“மாட்டுக்கு என்ன பேர்?”

“மாட்டுக்கு என்ன பேர், மாடுதான்.” சிரித்தாள். பின்பு சிரிப்பை நிறுத்தி, “தண்ணி பவுசர் லொறியிலை வருது தம்பி. என்ரை கிணறு கண்ணுக்கு முன்னாலை கிடக்குது, நான் றோட்டிலை வாளியோடை நிக்கிறன்,” என்றாள்.

“கோப்பு கையிலை வந்தால் இரகசியச் சொல் தேவையில்லை. நான் நேரை உள்ளுக்கை பார்ப்பன். முதல் வேலை உங்கடை பதிவை அச்சடிச்சுத் தாறதுதான்,” என்று மயூரதன் வாக்குக் கொடுத்தான்.

அந்த வாக்கைத் தலையில் சுமந்துகொண்டு இடந்தேடப் புறப்பட்டான். யாழ்ப்பாண நகரில், தளங்களுக்கு இடம் கொடுக்கும் தொழில் செய்யும் கோகுலன், அவனிடம் முன்பு படித்தவனாகையால், கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினான். தளத்தைத் திறந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே வாயைப் பொத்தினான்.

“சேர், சத்தியமாய்ச் சொல்லுங்கோ, உது இன்னும் ஓடுதோ?”

“ஓடுது.”

“ஏ.எஸ்.பி.யும் அக்ஸஸும்! நான் பால்குடி மறக்காத காலத்துச் சாமான். எழுத்தும் பழைய எழுத்துரு, போனிலை திறந்தால் பூச்சி ஊர்ந்த மாதிரிக் கிடக்குது. உதுக்கு ஹோஸ்ரிங் தேடுறதும் அந்தக் காலத்து ஏ-ஃபோர்ட்டிக் காருக்குச் சார்ஜர் தேடுறதும் ஒண்டு.”

“ஓடுற காரை ஏனடா உடைக்கிறது?”

“உடைக்கச் சொல்லேல்லை சேர், நிப்பாட்டச் சொல்லுறன். புதிசாய் ஒண்டு செய்து தாறன். திறந்த உடனை கோபுரம் வரும், படம் அசையும், நாதஸ்வரம் கேக்கும்.”

“உள்ளுக்கை இருக்கிற எல்லையள்?”

“அதை ஆர் சேர் இருந்து வாசிக்கிறது?” கோகுலன் இதைக் கேலியாகச் சொல்லவில்லை, அறியும் விருப்பத்தோடுதான் கேட்டான். அதனால் மயூரதனுக்கு இன்னும் வலித்தது.

கொழும்பில் கேட்டான்; பழைய தொழில்நுட்பத்தால் பாதுகாப்புக்குக் கேடு என்றார்கள். சென்னையில் கேட்டான், முழுவதையும் புதிதாக எழுதி வாருங்கள் என்றார்கள். கடல்கடந்த நிறுவனங்களுக்கு எழுதினான். ஒன்று மறுமொழியே தரவில்லை, ஒன்று அவன் கேள்வியை விளங்காமல் நன்றி கூறியது, ஒன்று இடம் உண்டென்று சொல்லிப் பின்பு தளத்தைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. புதிதாக எழுதும் திறம் அவனுக்கு இல்லாமலில்லை. ஆனால் எதை எழுதுவதற்கும் முதலில் உள்ளிருப்பது கைக்கு வர வேண்டும். உள்ளிருப்பது வருவதற்கு இடம் முடிவாக வேண்டும். தலந்தோறும் நடந்து, அடைத்த திருக்கதவின் முன் நின்று திரும்பிய அடியவனைப்போல அவன் கார்த்திகை மாதம் முழுவதும் நின்று திரும்பினான். பாடினால் கதவு திறந்த காலமும் மலையேறிவிட்டிருந்தது.

கடைசியில் ஒரு கதவு திறந்தது. எங்கோ பனிநாட்டுச் சிற்றூர் ஒன்றில், மயூரதனைப்போலப் பிடிவாதக்காரரான ஒரு முதியவர், பழைய தளங்களுக்கென்றே ஒரு பழைய இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். ‘கொண்டுவாருங்கள். நான் இருக்கும்வரை அதுவும் இருக்கும்’ என்று எழுதினார். மயூரதன் அந்த வரியை மூன்றுமுறை வாசித்தான். பின்பு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே ஐயாவின் வீட்டுக்குப் போனான். அன்று மார்கழி இரண்டு.

ஐயா நெற்றி நிறையத் திருநீற்றோடு இருந்தார். செய்தியைக் கேட்டு முகம் மலர்ந்தார். பிறகு சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

“இரண்டு நாள் முந்தி வந்திருக்கலாமே தம்பி.”

“ஏன் ஐயா?”

“மார்கழி பிறந்திட்டுதெல்லோ. தேவர்களுக்கு விடியற்காலை. பூசையும் பாட்டும்தான். குடிபுகல் செய்யிற மாதமோ இது? தை முதலாம் திகதி, கோயில் மண்டபத்திலை குத்துவிளக்கேத்தி மாத்துவம்.”

“அவங்கள் மார்கழிக்குள்ளையே நிப்பாட்டிப்போடுவாங்கள் ஐயா. திகதி போட்டு எழுதியிருக்கிறாங்கள்.”

“அதுக்கு நான் எழுதிப்போட்டன்.” ஐயா தம் நாட்குறிப்பைக் கொண்டுவந்து விரித்தார். திகதி நெருங்குகிறதே என்று கார்த்திகைக் கடைசியிலேயே நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தார்: எங்கள் சமய வழக்கின்படி மார்கழி மாதத்தில் இடமாற்றம் செய்வதில்லை ஆகையால், தை பதினைந்து வரை தவணை தந்துதவுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம். அனுப்பிய அந்த நிமிடத்திலேயே மறுமொழி வந்திருந்தது: தங்கள் செய்தி கிடைத்தது, தங்கள் இலக்கம் இது. அந்த ஏழு இலக்கங்களையும் ஐயா சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.

“அது இயந்திரம் தானாய் அனுப்புறது ஐயா. மனிசர் வாசிக்கேல்லை.”

“தம்பி, முப்பத்தாறு வருசம் கந்தோரிலை இருந்தவன் நான். இலக்கம் போட்ட விண்ணப்பத்துக்கு முடிவு சொல்லாமல் ஒருத்தனும் கோவையை மூடமாட்டான். வெள்ளைக்காரன் எங்களுக்குப் பழக்கினதே அதுதான்.”

“அப்ப மாத்த வேண்டாம். பிரதி மட்டும் எடுப்பம். பத்து நிமிச வேலை.”

“சாமானை வெளியிலை எடுத்து வைச்சால் வீடு மாறினதுதானே?”

ஐயாவின் குரல் இறங்கியது.

“எண்பத்தொன்பதாம் ஆண்டு மார்கழியிலை நான் நாவற்புலத்திலை புதுவீடு குடிபுகுந்தனான். தையிலை மகளின்ரை கலியாணம். அதுக்கு முந்தி வீடு வேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிண்டன். மனுசி வேண்டாமெண்டு அழுதவள். ஆனியிலை உடுத்த துணியோடை ஓடினம். ஆமிக்காரர் வீட்டை இடிச்சு மண்ணணை கட்டினாங்கள். அவள் முகாமிலை கண்ணை மூடினவள். கடைசிமட்டும் என்னை ஒரு சொல் குத்திக் கதைக்கேல்லை. ஒருக்கால் பிழை விட்டன் தம்பி. ஊர் முழுக்க உள்ள ஒரு வீட்டிலை திருப்பி விடமாட்டன்.”

தையில் குடிபுகுந்தவர்களும் அதே ஆனியில்தான் ஓடினார்கள் என்பது மயூரதனின் நாநுனி வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும் துணிவு அவனுக்கு வரவில்லை. நிறுவனத்துக்குத் தானே எழுதிப் பார்த்தான். கணக்குக்கு உரியவரோடு மட்டுமே பேசுவோம் என்று அவனுக்கும் ஓர் இலக்கம் அனுப்பினார்கள்.

டிசம்பர் முப்பதாம் திகதி பொழுது சாயும் வேளையில் மீண்டும் போனான். கிணற்றுக் கதையை முழுவதும் சொன்னான். ஐயா இரங்கிக் கேட்டார்; குணலட்சுமிக்காகத் தாமே இணக்கசபைக்கு வருவதாகவும் சொன்னார். நாட்குறிப்பை மறுபடியும் எடுத்து, சிவப்பு இலக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அப்போது கோயில் மணி கேட்டது.

“இரு, விளக்கேத்திப்போட்டு வாறன்,” என்று சுவாமியறைக்குள் போனார்.

நாட்குறிப்பு மேசைமேல் விரிந்தபடி கிடந்தது. இலக்கத்துக்கு மூன்று வரி மேலே, பதிவக எழுத்தில், முத்து முத்தாக, ‘இணையத்தளக் கடவுச்சொல்’ என்ற தலைப்பு. அதன் எதிரே முதலெழுத்தும் இரண்டாம் எழுத்தும் அவன் கண்ணில் பட்டன. மயூரதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சட்டைப்பையில் கைத்தொலைபேசி கனத்தது. உள்ளே ஐயா பதிகம் பாடத் தொடங்கியிருந்தார். முதுமையில் இடறினாலும் பண் பிசகாத குரல். பதினொரு பாட்டும் முடியும்வரை நேரம் இருந்தது. பெரியவரின் வீட்டில், அவர் சுவாமியின் முன் நிற்கும்போது, அவருடைய கைப்புத்தகத்தைப் பார்ப்பவன் என்ன பிறவி என்று நினைத்தான். எழுந்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டே ஏட்டை மூடினான். அதன்மேல் ஐயாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து வைத்தான்.

ஐயா திருநீற்றுத் தட்டோடு வந்தார். மூடிய ஏட்டைக் கண்டார், கண்டதும் விளங்கிக்கொண்டார்.

“உன்னைப்போலை பிள்ளையள் இருக்கிறதாலைதான் ஊர் இன்னும் ஊராய் இருக்குது,” என்று அவன் நெற்றியில் பூசிவிட்டார்.

ஜனவரி முதலாம் திகதி தளம் வெள்ளைத்தாளாகத் திறந்தது. ஐயா அன்றே கடவுச்சொல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். மார்கழி முடியவில்லையே என்று மயூரதனும் கேட்கவில்லை. கடவுச்சொல் சரியாகவே வேலை செய்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இலக்கத்தைக் குறிப்பிட்டு ஐயா எழுதிய மேன்முறையீட்டுக்கு இம்முறை மனிதர் ஒருவர் மறுமொழி எழுதினார்: முன்னறிவித்தபடி அழிக்கப்பட்டது, மீட்க வழியில்லை. ஐயா அதை இரண்டு தடவை வாசித்தார். “விண்ணப்பத்துக்கு முடிவு சொல்லாமல் அழிச்சிருக்கிறாங்கள்,” என்றார். அவருக்கு அதுதான் பெரிய அநீதியாகத் தெரிந்தது.

குணலட்சுமியிடம் போய்ச் சொல்ல மயூரதனுக்குக் கால் எழவில்லை. பொங்கலுக்குப் பின்பு சொல்லலாம் என்று நாளைத் தள்ளினான். அவனும் நாள் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

தை முதலாம் திகதி, நாவற்புலத்துக் கோயில் மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. பனிநாட்டு முதியவரின் இயந்திரத்தில், இறுவட்டிலிருந்து ஏற்றிய பழைய பிரதி ஒரு குறையுமின்றி இயங்கியது. இருபது வயது நிரல், ஓரிடத்திலும் இடறவில்லை. மயூரதன் கணினியின் முன் இருந்தான். சனம் பொங்கல் வாங்கும் பக்கம் நின்றது.

குணலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கையில் பழுப்பேறிய பஞ்சாங்கம் ஒன்று.

“மயூ, அம்பிட்டிட்டுது! பொங்கலுக்கு வீடு தூசி தட்டேக்கை பழைய பஞ்சாங்கக் கட்டை எரிக்க எடுத்தனான். கர வருசம், அவர் எழுதின அந்த வருசத்துப் பஞ்சாங்கத்திலை, ஓரத்திலை, பென்சிலாலை குறிச்சு வைச்சிருக்கிறார். பார், என்ன சொல்லெண்டு பார்!”

ஓரத்தில், மங்கிய எழுத்தில், ‘சங்கத்துக் கொம்பியூட்டர்: குணம்’ என்றிருந்தது.

“என்ரை பேரைத்தான் வைச்சிருக்கிறார். அப்பிடித்தான் என்னைக் கூப்பிடுறவர். ஊரிலை உள்ள பேரெல்லாம் அடிச்சன், என்ரை பேரை அடிக்க எனக்குத் தோன்றேல்லைப் பார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தள்ளு, நானே அடிக்கிறன்.”

அவன் தடுக்குமுன் கதிரையின் நுனியில் இருந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள்.

‘அப்படியொரு பதிவு இல்லை. சொல்லைச் சரிபார்த்து மீண்டும் எழுதவும்.’

“பிழையாய் அடிச்சிட்டன் போலை.” மறுபடியும் அழுத்தினாள், இம்முறை இன்னும் மெதுவாக. அதே வாசகம் வந்தது. மூன்றாவது முறைக்கு விரலைத் தூக்கியபோது மயூரதன் அவள் கையைப் பிடித்தான்.

“சொல் சரி அக்கா. பதிவுதான் இல்லை. மார்கழிக்குள்ளை அழிச்சுப்போட்டாங்கள். திறப்பு ஐயாவிட்டை இருந்தது. அவர் தை பிறக்குமட்டும் பொறுக்கச் சொன்னவர்.”

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“நீ போய்க் கேக்கேல்லையோ?”

“ரெண்டு தரம் போனனான். கடைசித் தரம் கடவுச்சொல் மேசையிலை விரிஞ்சு கிடந்தது. ஐயா சுவாமியறைக்குள்ளை. நான் பாக்கேல்லை.”

“ஏன்?”

“மரியாதையில்லை எண்டு…”

குணலட்சுமி பஞ்சாங்கத்தை மூடினாள். குரல் உயரவில்லை.

“கடைசிச் சனிக்கிழமை இணக்கசபையிலை எழுத்து எங்கையெண்டு கேட்பாங்கள். உன்ரை மரியாதையை எடுத்துக் காட்டட்டோ தம்பி?”

அந்நேரம் ஒலிபெருக்கியில் சண்முகநாதன் ஐயாவின் குரல் மயூரதனின் பெயரைச் சொல்லி அழைத்தது. ஊரைப் புதுமனையில் குடியேற்றிய பிள்ளைக்குச் சங்கத்தின் சார்பில் பொன்னாடை போர்த்தப்படுமாம். சனம் கைதட்டியது. யாரோ அவன் தோளைப் பிடித்து எழுப்பினார்கள்.

பொன்னாடையோடு அவன் திரும்பிப் பார்த்தபோது குணலட்சுமி மண்டபத்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பொங்கல் தட்டோடு நின்ற பெண்ணொருத்தி, வாங்கிக்கொண்டு போகும்படி கூப்பிட்டாள்.

“இல்லைப் பிள்ளை,” என்றாள் அவள், செருப்பைக் காலால் தேடியபடி. “பவுசர் வாற நேரம்.”